முன் சீட்டு

"அம்மா, பஸ்ல எனக்கு முன் சீட்டுதான் வேணும்!"

காலையிலேயே வாலு ஆரம்பித்துவிட்டாள். டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் அந்தச் சீட்டில் இதுவரை பைகளைத்தான் போட்டு வைப்பார்கள். "போய்த் தொலை, ஆளை விடு" என்று கத்திவிட்டு, என் போனிலேயே சீட்டை மாற்றிக் கொடுத்தேன். பள்ளிப் பேருந்துக்கான செயலியை எழுதியவளே நான்தான். அந்தக் கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

அலுவலகத்தில் இருந்தபோது வகுப்பு மிஸ் கூப்பிட்டார். "பாப்பா இன்னிக்கு ஏன் வரல? உடம்பு சரியில்லையா?"

"என்ன மிஸ் சொல்றீங்க? நான்தானே பஸ் ஏத்திவிட்டேன்!"

செயலியைத் திறந்தேன். 'பேருந்தில் மிச்சம் இருப்பவர்கள்: யாருமில்லை.' உடனே டிரைவருக்குப் போன் போட்டேன்.

"எல்லாரும் எறங்கியாச்சும்மா. லிஸ்ட் காலின்னு பாத்துட்டுத்தான் வண்டியைப் பூட்டினேன்."

"உள்ள போய்ப் பாத்தீங்களா அண்ணே?"

"போனைத்தாம்மா பாத்தேன். அதுக்குத்தானே இதைக் குடுத்தீங்க?"

கோபம் தலைக்கேறியது. லிஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தகவலைத் திரையில் கொண்டுவந்தேன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஒரே ஒரு ஆப்ஜெக்ட், அதாவது ஒரு பட்டியல். ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் எதிரே அதன் சீட் எண். இறங்கும்போது குழந்தை தன் அட்டையை வாசலில் உள்ள கருவியில் வைத்தால் எண் அழிந்துவிடும். எண் மிச்சம் இருப்பவர்களை மட்டும் சலித்து எடுத்து டிரைவருக்குக் காட்டும். அவ்வளவுதான் வேலை.

மற்ற எல்லாப் பெயருக்கும் எதிரே வெறுமை. என் மகள் பெயருக்கு எதிரே மட்டும் பூஜ்யம்.

கம்ப்யூட்டர்காரர்கள் நாங்கள் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குவோம். அவள் கேட்ட அந்த முதல் சீட்டு எங்களுக்குப் பூஜ்யம். ஆனால் 'மதிப்பு இருக்கிறதா?' என்று மொட்டையாகக் கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் பூஜ்யத்தையும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். சல்லடை என் பிள்ளையை வெளியே தள்ளிவிட்டது. எந்த முட்டாள் இப்படி எழுதினான் என்று கத்த வாயெடுத்தேன். எழுதியவள் நான்.

"அண்ணே, ஓடுங்க! பாப்பா வண்டிக்குள்ளதான் இருக்கா! உங்க சீட்டுக்குப் பின்னாடி!"

"ஐயையோ! டயர் கடையில நிக்கிறேம்மா. இதோ, இதோ..."

போனை வைக்கவில்லை. அவர் மூச்சு இரைப்பது கேட்டது. நான் படியில் இறங்கி ஓடினேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வண்டி மைதானத்து நடுவில்தான் நிற்கும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கண்ணாடியெல்லாம் மூடியிருக்கும். ஆட்டோவில் ஏறியதோ, ஆட்டோக்காரரை விரட்டியதோ எனக்குச் சரியாக நினைவில்லை. போனை மட்டும் காதோடு அழுத்தி வைத்திருந்தேன்.

சாவிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"அண்ணே! பேசுங்கண்ணே! ஏதாவது சொல்லுங்க!"

"இருக்கும்மா... கீழ சுருண்டு கெடக்கு. ஒடம்பு கொதிக்குது. கண்ணு, தண்ணி குடி கண்ணு, மெதுவா..."

நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் அவளை டயர் கடை நிழலில் மடியில் கிடத்தி, ஈரத் துணியால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டித் தட்டி அவள் கை சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பயந்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டாதம்மா," என்றாள், குரலே இல்லாமல். "தெரியாம தூங்கிட்டேன்."