ரொலானுக்கு ஒத்துக்கொள்ளாத வைரம்

காதைப் பார்த்தே எந்த வருடத்துக் கல்யாணம் என்று சொல்லிவிடுவேன். ஞாயிறு பூசையில் பிரசங்கம் நீளும்போது எனக்கு இதுதான் வேலை. தோடு காது மடலையே மறைத்தால் எண்பதுகள். ஏழு கல், பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகடு வைத்து மூடியது. கல்லுக்குப் பின்னால் வெளிச்சம் புகுகிற மாதிரி திறந்து கட்டியிருந்தால் தொண்ணூறுகள். பூவாக, இலையாக வளைத்துக் கடுகு கடுகாகக் கல் பதித்திருந்தால் இரண்டாயிரத்துக்குப் பிறகு. இப்போதைய பெண்கள் காதில் ஒற்றைக் கல், அதுவும் பாதிப் பேருக்கு மிஷினில் விளைந்தது. தப்பென்று சொல்லவில்லை. அதுவும் மின்னத்தான் செய்கிறது.

என் பெயர் ஜொசியான். அறுபத்து மூன்று வயது. என் கணவர் ரொலான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போய்ப் பதினேழு வருடமாகிறது. ஒரே மகள் மரீன் பாரிஸில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் பிரூனோ என்ற பையனுக்கும் அடுத்த மாதம் இங்கே கோயிலில் கல்யாணம். அதற்காக வந்து இறங்கியவள், மறுநாளே என் பீரோவைக் குடைந்து அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துவிட்டாள்.

"அம்மா, வைரத் தோட்டப் போய் பிஸ்கட் டப்பாலயா வெப்பாங்க?"

"அது தெமொதேடி. யாரு போடுறா இப்ப?" என்றேன். ஃபேஷன் போய்விட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் இந்தப் பிரெஞ்சுச் சொல்தான். பதினேழு வருடமாக யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லி வந்தேன்.

மரீன் போனை நீட்டினாள். அதில் வரிசையாக மணப்பெண்கள், எல்லோர் காதிலும் ஏழு கல் தோடு. "இப்ப இதுதாம்மா ஃபேஷன். பழைய தோடு கெடைக்காம புதுசா அதே மாதிரி செஞ்சு வாங்குறாங்க. நமக்கு ஒரிஜினலே இருக்குது. நாளைக்கே பாலீஷ் போட்டுருவோம். கல்யாணத்தன்னைக்கி நான் இதத்தான் போடப் போறேன்."

போன ஃபேஷன் போனபடியே இருந்து தொலைக்கக் கூடாதா?

விஷயம் இதுதான். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. வாங்குவதற்கு முன் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும். அந்த மூன்று நாளில் கெட்டது எதுவும் நடக்கவில்லை என்றால் வாங்கலாம். ஏதாவது நடந்தால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் ராகுகாலம் பார்த்துத்தான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவார்கள்.

எண்பத்தொன்பதில் நெல்லித்தோப்பில் க்ளெமான்ஸ் என்ற அம்மா குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பினாள். போகிற அவசரத்தில் தன் தோட்டை விற்றாள். எனக்கோ பூசைக்குப் போனால் பக்கத்து வரிசைக் காதுகளைப் பார்த்து மனசு வெந்துகொண்டிருந்த காலம். ரொலான் அப்போது லீவில் வந்திருந்தார். "புடிச்சா வாங்கிக்கயேன்" என்றார். தோட்டை வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை ரொலான் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு, "என்ன ஜொசியான், ஒத்துக்குதா உன் வைரம்?" என்று கேட்டுச் சிரித்தார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கு உண்டு. உண்டு என்று தெரிந்தும், மூன்றாம் நாள் க்ளெமான்ஸ் வீட்டுக்குப் போய், "ஒண்ணுமே ஆவல, நானே வெச்சிக்கிறேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். ஆசை வெட்கமறியாது என்பார்கள். என் ஆசை பயமும் அறியவில்லை.

பிறகு பத்தொன்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்தே போனேன். இரண்டாயிரத்து எட்டில் ஒரு காலை, சொந்தக்காரர் கல்யாணத்துக்காக அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ரொலான் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போயிருந்தார். வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது தோடு என் காதில் இருந்தது.

அன்றைக்குக் கழற்றியதுதான். யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை; சாமியார் சிரித்துவிட்டால் என்ன செய்வது? விற்கவும் மனம் வரவில்லை. வாங்குகிறவள் தாலியும் போகட்டும் என்று தள்ளிவிட முடியுமா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். அது என் மடியிலேயே இருக்கட்டும் என்று டப்பாவில் போட்டு மூடினேன்.

இப்போது அதை என் மகள் போட்டுக்கொண்டு பிரூனோவின் கையைப் பிடிக்கப் போகிறாளாம்!

இரவு முழுக்கத் தூங்காமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய மார்க்கெட் பக்கத்தில் நகைக்கடை வைத்திருக்கும் நாகராஜ் முப்பது வருடப் பழக்கம். எங்கள் வீட்டு ஜெபமாலைச் சங்கிலி முதல் அறுந்த கொலுசு வரை அவரிடம்தான் போகும். காலையிலேயே மாடிக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன்.

"நாகராஜ், இன்னைக்கி என் பொண்ணு ஒரு தோட்டப் பாலீஷ் போடக் கொண்டாருவா. நானும் வருவேன். பாத்துட்டு, கல்லுல கீறல் இருக்குது, கல்யாணப் பொண்ணு போடக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

"இந்த வயசுல என்னயப் பொய் சொல்லச் சொல்றீங்களே மதாம்."

"கீறல்னு ஒரே ஒரு வார்த்தைதான். எனக்காவ."

அரைமனதாக "சரிங்க" என்றார்.

பதினொரு மணிக்கு நானும் மரீனும் கடையில் உட்கார்ந்திருந்தோம். நாகராஜ் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு தோட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பரவாயில்லையே, நன்றாக நடிக்கிறாரே என்று நினைத்தேன். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். வைரத்தில் வைத்தால் அது கூவும் என்று மரீனிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கல்லாகத் தொட்டார். கூவவில்லை. தன் மோதிரத்துக் கல்லில் வைத்தார். கீச்சென்று கூவியது. மறுபடி தோட்டில் வைத்தார். சத்தமே இல்லை.

"பின்னாடி தகட்டப் பிரிச்சுப் பாக்கலாங்களா?"

இவ்வளவு நாடகம் தேவையா என்று தோன்றினாலும் தலையாட்டினேன். அவர் நடுக் கல்லின் பின்பக்கத் தகட்டை மெதுவாக நெம்பி எடுத்தார். உள்ளே கறுத்துப் போன ஒரு பளபளப்புத் தாள், அதோடு ஒட்டிக்கொண்டு இத்தனை வருட எண்ணெய், சோப்பு, அழுக்கு. கல்லைத் துடைத்து வெள்ளைத் துணியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வைரம் இல்லீங்க மதாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பக்கம் குனிந்து, "கீறல்னு மட்டும்தான சொல்லச் சொன்னேன்? ஏன் அதிகப்பிரசங்கித்தனம் பண்றீங்க?" என்று கிசுகிசுத்தேன். என் கிசுகிசுப்பு கடற்கரை வரை கேட்கும் என்று ரொலான் சொல்வார்.

மரீன் என் பக்கம் திரும்பினாள். "யார என்ன சொல்லச் சொன்ன?"

நான் வாயைத் திறக்குமுன் நாகராஜ் கையைக் கூப்பினார். "அம்மா மேல சத்தியமா, இது நடிப்பு இல்லீங்க. வெறும் வெள்ளக் கல்லு. பின்னாடி தாள வெச்சு மூடிட்டாங்கன்னா வைரம் கணக்காவே ஜொலிக்கும். மூடுன தோட்ட யாரு பிரிச்சுப் பாக்குறது? தொறந்த கட்டு வந்தப்பறம்தான் இந்த மாதிரி எத்தினியோ வீட்டு வண்டவாளம் வெளிய வந்துச்சு. தங்கம் மட்டும் நல்ல தங்கம்."

"எல்லாக் கல்லுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு காதுக்கும் சேத்துப் பதினாலும்."

"ஒண்ணு கூட வைரம் இல்லயே? நல்லாப் பாத்தீங்களா?"

"ஒண்ணு கூட இல்லீங்க."

மரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏமாந்து போனேன் என்று அவளுக்கு வருத்தம். "பரவால்லம்மா, விடு" என்றாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைக்கு வந்திருந்த இன்னொரு அம்மா எழுந்து வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். க்ளெமான்ஸ் தெரிந்து விற்றாளோ தெரியாமல் விற்றாளோ, அவள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்திருப்பேன்.

"என்னம்மா ஆச்சு ஒனக்கு?"

சொன்னேன். தலையணை, குளியலறை, க்ளெமான்ஸிடம் சொன்ன பொய், அந்தக் காலை, காதில் இருந்த தோடு, எல்லாவற்றையும் நாகராஜ் முன்னாலேயே கொட்டித் தீர்த்தேன். அவர் மரியாதையாகத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு வருஷமா இதத்தான் நெனச்சிட்டு இருந்தியா?" மரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாவுக்குப் பிரஷர் இருந்துச்சு. ரெண்டு பாக்கெட் சிகரெட்டு ஊதுவாரு. டாக்டர் சொன்னது பன்னெண்டு வயசுல எனக்கே புரிஞ்சுதே."

"எனக்கும் புரிஞ்சுதுடி. புரிஞ்சா மட்டும் போதுமா? தோடு ஏங் காதுலல்ல இருந்துச்சு!"

மரீன் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நாகராஜ் தராசை ஓரமாக வைத்தார். "அதே அளவுல வைரம் பதிச்சுக் குடுக்கட்டுங்களா? மிஷின் வைரம்னா செலவும் கம்மி."

"வேணாங்க," என்று நானும் மரீனும் ஒரே நேரத்தில் சொன்னோம். "இதே கல்லக் கழுவித் தாங்க. கல்யாணத்துக்கு நான் போட்டுக்கிறேன்" என்றாள் அவள். போடட்டும், தாராளமாகப் போடட்டும். பிரூனோ நூறு வயது இருக்கட்டும்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். வண்டி நகர்ந்ததும் ரொலான் ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் அவரை நினைத்தால் கூடவே தோடும் வந்து நிற்கும், நான் சட்டென்று வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். இப்போது அவர் மட்டும் வந்தார். முகச்சவரம் செய்துகொண்டே ராணுவப் பாட்டை ராகம் தப்பிப் பாடுவார். சண்டை போட்டால் மறுநாள் ரொட்டியோடு வருவார், மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டார். அந்த மனுஷனுக்காக நான் இதுவரை ஒரு நாளும் ஒழுங்காக அழுததில்லை. பயத்தில் அழுதிருக்கிறேன், அது வேறு.

"உங்கப்பா ரொம்ப நல்லவருடி" என்றேன்.

"தெரியும்மா" என்றாள் மரீன்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து வேகத்தைக் குறைத்தார். மரீன் அவரிடம், "ஒண்ணுமில்லண்ணா, நீங்க ஓட்டுங்க, எங்கம்மா எங்கப்பாவுக்காவ அழுவுறாங்க" என்றாள்.