களம்பூர் புளியமரமும் வேலூர் டாக்டர் வண்டியும்

ஸ்வர்ணலதாவின் வயிற்றுக்கு மோட்டார் வாகனம் எதுவும் ஆகாது. ஆரணி முழுக்கத் தெரிந்த விஷயம் இது. ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில், களம்பூருக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரம் மட்டும் மற்ற மரங்களைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக நிற்கும். அதற்கு யார் உரம் போட்டது என்று அந்தத் தடத்தில் ஓடும் எந்தக் கண்டக்டரைக் கேட்டாலும் சொல்வார். அவள் பஸ்ஸில் ஏறினால் டிரைவர் யாரும் சொல்லாமலே அந்த மரத்தடியில் நிறுத்திவிடுவார். ஒருமுறை புதிதாக வந்த டிரைவர் நிறுத்தாமல் போனார். மறுநாளே மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டார்.

ஊர் சிரிக்கும். அவள் கணவர் தனகோடிக்குச் சிரிப்பு வராது. போளூரில் ஒரே மகள் சுபலட்சுமியின் கல்யாணம் நடந்தபோது, மேளம் கொட்டிய நேரத்தில் ஸ்வர்ணலதா மண்டபத்துப் பின்னறையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருந்தாள். மகள் கழுத்தில் தாலி ஏறியதை வீடியோவில்தான் பார்த்தாள். அதையும் படுத்துக்கொண்டுதான்.

இப்போது சுபலட்சுமிக்கு வளைகாப்பு. போளூரில் மாமியார் வீட்டில் செய்து, அப்படியே மகளைப் பிரசவத்துக்கு ஆரணிக்கு அழைத்துவர வேண்டும்.

"இந்தவாட்டி எங்கையாலதான் அவளுக்கு வளையல் போடுவேன்" என்றாள் ஸ்வர்ணலதா. "இன்னா பண்ணுவீங்களோ, எனக்குத் தெரியாது. நான் நின்னுகினு போடணும்."

தனகோடி பட்டுப்புடவை வியாபாரி. கார் புரோக்கர் பாலுவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அண்ணே, ப்ளக்-இன் ஹைபிரிட்னு ஒண்ணு கீது" என்றான் பாலு. "செல்போன் மாதிரி வீட்லயே சார்ஜ் போட்டுக்கலாம். கரண்ட்ல ஓடுறப்ப சத்தமும் இல்ல, நடுக்கமும் இல்ல. சார்ஜ் தீந்தா தானா பெட்ரோலுக்கு மாறிக்கும். நடுவழியில நிக்கவே நிக்காது. அண்ணி வயிறு அசையாது பாருங்க. ஆனா நம்ம பக்கம் ரொம்ப அபூர்வம். புதுசு வேணும்னா மெட்ராஸ்லேர்ந்து வரணும். வேலூர் டாக்டர் ஒருத்தர்ட்ட நாலு வருஷம் ஓடுனது ஒண்ணு கீது. பாதி வெல."

"பழசா?" தனகோடியின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாலு மெட்ராஸ் ஷோரூம் நம்பரைத் தேடினான்.

நாலு தலைமுறையாகப் புதுசு விற்கிற குடும்பம் அது. அடுத்தவர் வைத்திருந்த பொருள் எதுவும் அந்த வீட்டு வாசல்படி தாண்டியதில்லை. தாண்டியது ஒன்றே ஒன்று. தனகோடியின் தாத்தா ஒரு மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய குடை ஒன்றை வாங்கினார். அந்தக் குடை, முதலில் வைத்திருந்தவர் வீட்டு வாசலுக்குப் போனால்தான் விரியும். தாத்தா அந்த வருஷ மழை முழுவதையும் அங்கேயே நின்று பார்த்தார்.

ஆகவே புதுசுதான் என்று முடிவாயிற்று. ஷோரூம்காரர்கள் சென்னையிலிருந்து வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். வெயில் பட்டு மாம்பழம் மாதிரி மின்னியது. உள்ளே தோலும் பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த புதுவாசனை கும்மென்று நின்றது. தனகோடி அதை நெஞ்சு நிறைய இழுத்தார். ஸ்வர்ணலதா உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்தது. அவள் நேரே சாக்கடையோரம் போய்க் குனிந்தாள்.

"மேடம், வண்டி இன்னும் கிளம்பவே இல்லையே!" என்றான் டை கட்டிய பையன்.

"வண்டி கெளம்பலப்பா" என்றாள் அவள், வாயைத் துடைத்துக்கொண்டே. "எனக்குக் கெளம்பிடுச்சி."

மறுநாள் பாலு யாரையும் கேட்காமல் டாக்டர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். சீட்டுத் துணி வெளுத்திருந்தது. பின்கதவில் டாக்டர் வீட்டுக் குழந்தை ஒட்டிய யானை ஸ்டிக்கரில் தும்பிக்கை மட்டும் உரிந்து போயிருந்தது. ஸ்வர்ணலதா தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள்.

"ஒரு வாசனையும் இல்லியே?"

"நாலு வருஷம் வெயில்ல நின்னு எல்லாம் போயிடுச்சி அண்ணி."

தேவிகாபுரம் வரை ஒரு நடை போய்வரலாம் என்று பாலு ஓட்டக் கிளம்பினார்கள். தனகோடி முன்சீட்டில் ஒரு கையில் எலுமிச்சம்பழமும் ஒரு கையில் பையுமாக உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து பெட்ரோல் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் பையை விரித்தார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். மனைவி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கோயில் கோபுரத்தடியில் வண்டி நின்றதும் கண்விழித்து, "இன்னும் கெளம்பலியா?" என்றாள்.

தனகோடிக்கு அது போதும். பேட்டரிக்குக் கம்பெனி வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இருக்கிறது என்று தெரிந்ததும் வாங்கிவிட்டார்.

வாங்கினாரே தவிர, சம்பந்தி ஜெயவேலை நினைத்தால் கவலையாக இருந்தது. ஜெயவேல் எந்தச் சாமானையும் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிற மனிதர். தனகோடி யோசித்தார். கடையில் நாள்பட்டுத் தங்கிப்போன புடவையை என்ன செய்வார்? மடிப்பை மாற்றி, பாலிஷ் போட்டு, புது அட்டைப்பெட்டியில் வைத்தால் நேற்றுத் தறியிலிருந்து அறுத்தது மாதிரி இருக்கும். வளைகாப்புக்கு முதல் நாள், மனைவிக்குத் தெரியாமல் வண்டிக்கும் அதையே செய்தார். வெளியே பாலிஷ். யானை ஸ்டிக்கர் மட்டும் உரிய மறுத்தது. உள்ளே புது சீட் கவர், புது கால்மிதி. கூடவே, முன்கண்ணாடியடியில் ஒரு குப்பி. புது வண்டி வாசனை என்று அதன்மேல் எழுதியிருந்தது.

காலையில் உறவுக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். ஸ்வர்ணலதா அரக்குப் பட்டு உடுத்தி, வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். தனகோடி ஓட்டினார். ஊர் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"இன்னா லதா?"

"மரம் இன்னும் எவ்ளோ தூரம்?"

அவர் அழுத்தியதில் வண்டி பறந்தது. மரத்தடியில் இறங்கி, அவள் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள். இன்னும் எதுவும் வெளியே வரவில்லை.

"போன வாரம் இந்த வாசனை இல்லியே. எங்கேர்ந்து வந்துச்சி?"

தனகோடி மரத்தைப் பார்த்தார். "சம்பந்தி பாப்பாரேன்னு..."

"சம்பந்தி வண்டியப் பாக்கணுமா, நான் எம் பொண்ணப் பாக்கணுமா? சொல்லுங்க."

தனகோடி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட் கவர்களை உரித்தார். கால்மிதிகளை உருவினார். குப்பியையும் சேர்த்து மூட்டையாகக் கட்டினார். அந்த நேரம் போளூரிலிருந்து ஆரணிக்குப் போகிற பஸ், மரத்தடியில் ஸ்வர்ணலதா நிற்பதைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் தானாக நின்றது.

"இன்னாக்கா, இன்னிக்குக் கார்லயா?" என்றார் கண்டக்டர்.

"யோவ், இத்த ஆரணி ஸ்டாண்டுல பாலுகிட்ட குடுத்துடுய்யா, ஜல்தியா போ" என்று தனகோடி மூட்டையை உள்ளே தள்ளினார். அந்த பஸ்ஸில் ஆரணி போய்ச் சேருவதற்குள் ஏழெட்டுப் பேர் ஜன்னலோரம் இடம் கேட்டுச் சண்டை போட்டதாகக் கேள்வி.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினார். களம்பூர் அரிசி ஆலைகளில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆவி உள்ளே வந்து வண்டியைக் கழுவிவிட்டுப் போயிற்று. ஸ்வர்ணலதா கண்ணை மூடி அதை இழுத்தாள். பிறகு வளையல்களை எண்ணத் தொடங்கினாள்.

போளூரில் ஜெயவேல் வாசலுக்கே வந்தார். எதிர்பார்த்தபடியே வண்டியைச் சுற்றி வந்தார். யானையைப் பார்த்தார்.

"புது வண்டிங்களா சம்பந்தி?"

"இல்லீங்க. பழசுதான். வேலூர் டாக்டர் வெச்சிருந்தது."

ஜெயவேல் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. தட்டுடன் இறங்கி நின்ற ஸ்வர்ணலதாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா இவ்ளோ உயரமா?" என்றார். "இத்தினி நாளா அவங்கள படுத்துக்கினு இருக்கறப்பவே பாத்தனா, தெரியவே இல்லீங்க."

ஸ்வர்ணலதா நின்றுகொண்டே மகளின் இரண்டு கைக்கும் வளையல் போட்டாள். போட்டு முடித்து, புளிசாதம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதுவரை வண்டி ஜெயவேல் வீட்டு ப்ளக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது அம்மாவும் மகளும் பின்சீட்டில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். வண்டி சத்தமே இல்லாமல் போனது. வளையல் குலுங்குவது மட்டும் கேட்டது. புளியமரம் வந்தது. தனகோடி நிறுத்தாமல் போனார்.

அந்த வருஷம் அந்த மரத்தில் காய்ப்பு பாதியாகக் குறைந்துவிட்டதாம். அந்தப் புளியை ஏலம் எடுத்தவர் இன்னும் தனகோடியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.