வயதாக வயதாகப் பருத்த டாங்கு

ஜீவனஹள்ளியில் டென்சிலுக்கு ‘டாங்கு டென்சில்’ என்று பெயர். எண்ணெய் டாங்குகளைச் சோதித்துச் சான்றிதழ் எழுதுவது அவர் பிழைப்பு. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். அதுவரை எந்த வம்பிலும் மாட்டாமல் கரையேற வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. தெருவில் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

“ஊர்ல இருக்கற டாங்கையெல்லாம் பாக்கறீங்க. நம்ம மாடி டாங்கு ஒழுகி மூணு மாசமாச்சு” என்று மனைவி லீனா வழியனுப்பி வைத்தாள். டென்சில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. ஜெனரேட்டருக்கான டீசல் டாங்கு மணல் மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான். புதுப் பச்சைப் பெயிண்டும் சந்தனமும் குங்குமமுமாக, சம்பந்தி வீட்டுக்காரர் தோரணை அதற்கு.

பராமரிப்பு மேனேஜர் கிஷோர் காபியோடு வந்தார். “போன தடவை மாதிரி வெளியவே மிஷின் வெச்சுப் பாத்துடுங்க சார், ஒரு மணி நேர வேலை. உள்ள இறங்கறதெல்லாம் வேணாம். பத்து நாள் டாங்கு காலியா கெடந்தா ஓனர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்.”

டென்சிலுக்கும் அதுவே வசதி. முழங்கால் வேறு கெஞ்சியது. சுவரில் பசை தடவி, ஒலியை அனுப்பித் தகட்டின் கனத்தைச் சொல்லும் கருவியை வைத்தார். ஆறு புள்ளி ஏழு மில்லிமீட்டர். பையிலிருந்து ஐந்து வருடத்துக்கு முந்தைய அறிக்கையை எடுத்தார். ஆறு புள்ளி மூன்று.

வாங்கியபோதே தகடு ஆறுதான். ரிட்டயர் ஆகப்போகிற மனிதர்களைப் போல இரும்பும் வயதாக வயதாகப் பருத்திருந்தது.

“வருஷா வருஷம் பூஜைக்குப் பெயிண்ட் அடிப்பீங்களா?”

“பழசு மேலயே அடிச்சுடுவோம் சார். சுரண்டினா அபசகுனம்னு ஓனரம்மா திட்டுவாங்க.”

போன முறையும் பூஜை வாரத்தில்தான் வந்தார். பொட்டு வைத்த டாங்கைச் சுரண்டுவானேன் என்று, பெயிண்டையும் சேர்த்து அளந்து, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனவர் சாட்சாத் இந்த டென்சில்தான்.

இப்போது குங்குமத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு சுரண்டினார். கிஷோர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெறும் இரும்பில் கருவி சொன்னது: நாலு புள்ளி எட்டு.

“சுவரே இப்படின்னா ஈர மணல்ல கெடக்கற அடித்தகடு என்ன கதியோ. அதை வெளியிலேர்ந்து பாக்க முடியாது. காலி பண்ணிக் கழுவி உள்ள இறங்கணும். தரை முழுக்க அளக்கணும். வெல்டு மேல சோப்புத் தண்ணி ஊத்தி, கண்ணாடிப் பெட்டியைக் கவுத்துக் காத்தை உறிஞ்சி, ஓட்டை வழியா குமிழி வருதான்னு பாக்கணும்.”

“போன தடவை நல்லா இருக்குன்னு எழுதினது நீங்கதானே சார்? ஓனர் அதைத்தான் உங்க ஆபீசுக்கு அனுப்புவார். நல்லபடியா ரிட்டயர் ஆக வேண்டியவர், யோசிங்க.”

டென்சில் யோசித்தார். நாற்பதடி தள்ளி கேன்டீனின் போர்வெல். இந்தக் காபிக்கும் அந்தத் தண்ணீர்தான். காபியை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். காபி வாசனைதான் வந்தது, இப்போதைக்கு.

படிவத்தில் ‘உட்புறச் சோதனை அவசியம்’ என்று எழுதினார். அதன் கீழே, ‘முந்தைய அளவு பெயிண்டின் மேல் எடுக்கப்பட்டது. தவறு. எடுத்தவர் டென்சில்.’

கிஷோர் எட்டிப் பார்த்தார். “உங்க பேரை நீங்களே எழுதிட்டீங்களே சார்!”

“வேற யார் பேரை எழுதறது? அந்தச் சுரண்டியைக் குடுங்க. சுவர்ல இன்னும் ஏழு இடம் பாக்கி.”