நான்காம் தறியின் கறை

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தறிக்கொட்டகையை ஒட்டிய ஆபீஸ் அறையில் ஐந்து பேர் இருந்தோம். முதலாளி ஆதிநாராயணன் வாசலைப் பார்த்தபடி தன் சுழல் நாற்காலியில். திருச்சானூரில் புடவைக் கடை வைத்திருக்கும் சிட்டிபாபு, வெளியூர்க்காரர் என்பதால் மின்விசிறிக்கு நேர் கீழே. மேஸ்திரி பரணி நூல் மூட்டையின் மேல். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டூலில், மடியில் கேமராவோடு நான். நான்காம் தறியை ஓட்டும் வள்ளியக்கா உட்காரவில்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தும் கதவோரமாக நின்றாள்.

என் பெயர் மோகனப்ரியா. நகரியில் இந்தப் பதினாறு தறிக் கொட்டகைக்குத் தெலுங்கிலும் தமிழிலும் கடிதம் எழுதுவது, பார்சல் அனுப்புவது, போன் எடுப்பது என் வேலை. இரண்டு மாதமாகப் புடவைகளைப் படம் எடுப்பதும் சேர்ந்திருந்தது. போனில் எடுத்தால் நிறம் மாறிவிடுகிறது என்று கடைக்காரர்கள் சலித்துக்கொண்டதால், முதலாளி புதிதாக ஒரு டிஜிட்டல் கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கிக் கொடுத்தார். ஒரு லென்ஸ் முழுப் புடவைக்கு. இன்னொன்று பார்டரைக் கிட்டத்தில் எடுக்க.

நான்காம் தறியில் நெய்த இருபத்திரண்டு புடவைகளைத் திங்கட்கிழமை படம் எடுத்து சிட்டிபாபுவுக்கு அனுப்பியிருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் வலது பக்கம், மேல் பார்டருக்கு நான்கு விரல் கீழே, மங்கலாக ஒரு கறை. மிளகளவு இருக்கும். இருபத்திரண்டிலும் ஒரே இடம்.

"ஏமய்யா ஆதிநாராயணா, கல்யாண சீசனுக்கு இத்தத்தான் குடுப்பியா? பொண்ணு ஊட்டுக்காரங்க என் மூஞ்சில வீசிட்டுப் போவாங்க" என்றார் சிட்டிபாபு.

பரணி புடவைகளை மேஜைமேல் ஒவ்வொன்றாக விரித்தான். முதல் புடவையில் கறை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆறாவதோடு நிறுத்திவிட்டான். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

விசைத்தறியில் எண்ணெய் சொட்டுவது சாதாரணம். ஒரு தறி சொட்டினால் எப்போதும் ஒரே இடத்தில்தான் சொட்டும். சொட்டிய இடத்தில் சாக்பீஸ் பொடியைப் போட்டு உறிஞ்சவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியால் ஒற்றி எடுப்பார்கள். அப்படிக் கறை எடுத்த புடவை இரண்டாம் தரம். அதை முதல் தரம் என்று விற்றால் கொட்டகையின் பெயர் போய்விடும். கறை எடுப்பதில் எங்கள் தெருவிலேயே வள்ளியக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்துக் கொட்டகையிலிருந்துகூடக் கூப்பிட்டுப் போவார்கள்.

"திங்கக்கெயம படத்துல கீது. இன்னிக்கு துணில இல்ல. நடுவுல நாலு நாளு" என்றான் பரணி. யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"மேஸ்திரி, இன்னா சொல்ல வர? மூஞ்சப் பாத்து சொல்லு" என்றாள் வள்ளியக்கா.

"நான் இன்னா சொல்றது? படம் சொல்லுது."

"நான் தொடச்சிருந்தா அந்த எடத்துல சாயம் கொஞ்சமாச்சும் வெளுத்திருக்கும். வெயில்ல எட்த்துனு போய் பாருங்களேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. சிட்டிபாபு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கேமரா சரியாத்தான் கீதா?"

இரண்டு மாதமாக அந்தக் கேமராவைக் குழந்தை மாதிரித் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவள் நான். "புது கேமரா சார். இல்லாதத காட்டாது" என்றேன்.

வள்ளியக்கா என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று முதலாளி சொன்னார். சிட்டிபாபு அதை எழுத்தில் கேட்டார். நான்தான் எழுதினேன். 'நான்காம் தறி நெசவாளி வள்ளி கறையை மறைத்தது தெரியவந்து, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுள்ளார்.' பிழையில்லாமல், தேதி போட்டு, முத்திரை வைத்து. சிட்டிபாபு அங்கேயே அதைப் போனில் படம் பிடித்து, நகரித் தறி முதலாளிகள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வள்ளியக்கா ஐந்து கொட்டகைகளில் வேலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள் என்று பரணியே சொன்னான். சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழாம் தறிப் புடவைகளை எடுத்தேன். அதை ஓட்டுவது ரோஜா என்ற பெண். வழக்கம்போல மூங்கிலில் தொங்கவிட்டு, எல்லாம் தெளிவாக விழ, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சிறியதாக வைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்.

வலது பக்கம். மேல் பார்டருக்கு நான்கு விரல் கீழே.

முதல் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வெயிலில் பிடித்தேன். சாயம் எங்கேயும் வெளுக்கவில்லை. உள்ளே வந்து, புடவையே இல்லாமல் வெறும் சுவரைப் படம் எடுத்தேன். சுவரில் அதே மிளகு. மாடிக்குப் போய் வானத்தை எடுத்தேன். வானத்திலும் இருந்தது. துவாரத்தைப் பெரிதாக்கி எடுத்தால் மறைந்தது, சிறிதாக்கினால் வந்தது. லென்ஸை மாற்றிப் போட்டும் பார்த்தேன். இடம் மாறவில்லை. அப்படியானால் கறை லென்ஸில்கூட இல்லை, கேமராவுக்குள்ளே.

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே பதினைந்து தறி ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் தறி ஓடவில்லை.

மறுநாள், கேமராவை சர்வீசுக்குக் கொண்டுபோகிறேன் என்று மட்டும் முதலாளியிடம் சொல்லிவிட்டு, புத்தூர் வழியாகத் திருப்பதி பஸ் ஏறினேன். முழு உண்மையும் தெரியாமல் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சபீனா கேமரா பழுது பார்க்கிறாள். என் வயதுதான் இருக்கும். லென்ஸைக் கழற்றி, நெற்றியில் மாட்டிய விளக்கைப் போட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்தாள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு பளபளப்பான தகடு. அதுதான் சென்சார், படம் விழுகிற இடம்.

"படத்துல மேல வலது பக்கம்னா, இங்க கீழ வலது பக்கம். தலகீழாத்தான் விழும். தோ கீது பாரு. இது வெறும் தூசி இல்ல, சுருண்ட நூலு. நீ எங்க நின்னுக்கினு லென்ஸ் மாத்துவ?"

"தறிப் பக்கத்துல. வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கும்."

"ஓடற தறியா?"

நான் தலையாட்டினேன்.

"அய்யோ அம்மா! மாவு மில்லுல ஒக்காந்துக்கினு கண்ணுக்கு மருந்து போட்ட கதையா கீது! லென்ஸ கயட்டினா இது தொறந்த வாயி மாதிரி. பஞ்சு பறக்கற எடத்துல வாயத் தொறந்து வெச்சா இன்னா போவும்?"

ரப்பர் பந்தை அமுக்கிக் காற்று அடித்தாள். நூல் அசையவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் ஒட்டிக்கொண்டது என்றாள். நான் துப்பட்டா நுனியை நீட்டினேன்.

"கைய எடு! துணி, ஊதறது, எச்ச எதுவும் ஆவாது. கீறல் வுழுந்தா புதுசுதான் வாங்கணும்." உறையைக் கிழித்து, தகட்டின் அகலத்துக்கே செய்த ஒரு தட்டைக் குச்சியை எடுத்தாள். அதன் நுனியில் இரண்டு சொட்டு திரவம் விட்டாள்.

"இருங்க" என்றேன். "தொடைக்கறதுக்கு முன்னாடி அந்த நூல ஒரு படம் எடுத்துக் குடுங்க. கண்ணாடி வெச்சு, பெருசா."

"எதுக்கு? கல்யாண ஆல்பத்துல ஒட்டப் போறியா?"

"ஒருத்தருக்கு வேல போயிடுச்சு."

சபீனா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பூதக்கண்ணாடிக்கு மேல் போனை வைத்து நாலைந்து படம் எடுத்து அனுப்பினாள். பிறகு குச்சியை ஒரு ஓரத்தில் வைத்து, ஒரே இழுப்பாக மறு ஓரம்வரை கொண்டுபோனாள். வெள்ளைக் காகிதத்தைப் படம் எடுத்துக் காட்டினாள். அதில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமான வெள்ளையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நகரி திரும்பியதும் எல்லாவற்றையும் முதலாளி முன்னால் வைத்தேன். சுவர்ப் படம், வானப் படம், ரோஜாவின் புடவை, நூலின் படம். அவர் மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெட்டவர் இல்லை. முகம் சுருங்கிப்போயிற்று.

"பாவம்மா அது. நாளைக்கே வரச் சொல்லு. அதே தறி."

"சிட்டிபாபு சாருக்கு எழுதிடறேன் மொதலாளி."

"அதெல்லாம் வேணா. கேமரா புடிக்கத் தெரியாத கொட்டாயின்னு ஊரு சிரிக்கணுமா? சரக்கு நல்லா கீதுன்னு போன்ல நான் சொல்லிக்கறேன்."

சாயந்திரம் வள்ளியக்கா வீட்டுக்குப் போனேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கத்தியை நிறுத்தவில்லை. நின்றபடியே சொன்னேன். போனில் நூலின் படத்தைக் காட்டினேன். அப்போதுதான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஊடை நூலுதான், குறுக்கால ஓடறது. எண்ணெயில சுருண்டுகினு கீது" என்றாள். "இத்துனூண்டு."

"என் தப்புக்கா."

"நீ இன்னா, பொய்யா சொன்ன? உனுக்குத் தெரிஞ்சத சொன்ன. அதனாலதான் எனக்குப் பேச்சு வரல. மேஸ்திரி சொன்னப்ப கோவம் வந்துச்சு. நீ சொன்னப்ப, ஒருவேள நம்ம தறி நெஜமாவே சொட்டிச்சோன்னு எனக்கே ஒரு நிமிசம் தோணிப் போச்சு பிரியா."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"நாளைக்கே வரச் சொன்னாரு."

"வரேன். கடுதாசி போவட்டும், அப்பால வரேன். அஞ்சு கொட்டாயில ஏறி எறங்கினேன். எல்லாரும் போனத் தொறந்து உன் கடுதாசியத்தான் காட்டினாங்க. 'நாங்க இன்னா பண்றது வள்ளி, எழுதிட்டாங்களே'ன்றாங்க. அது அங்க கெடக்கறப்ப நான் வந்து தறில நின்னா, மன்னிச்சு சேத்துக்கினாங்கன்னுதான் அர்த்தம். இன்னாத்துக்கு என்னை மன்னிக்கணும்?"

வெண்டைக்காயில் பாதியை என் பக்கம் தள்ளினாள். இருட்டும்வரை இரண்டு பேருமாக நறுக்கினோம்.

மறுநாள் காலை முதலாளி வருவதற்கு முன்பே கடிதத்தை எழுதி முடித்தேன். சிட்டிபாபுவுக்காகத் தெலுங்கில். எந்தத் தேதியில் எத்தனை புடவை, எந்த இடத்தில் கறை தெரிந்தது, வேறு தறிப் புடவையிலும் வெறும் சுவரிலும் அது எப்படித் தெரிந்தது, ஓடும் தறிக்குப் பக்கத்தில் லென்ஸ் மாற்றியது யார், எல்லாம் வரிசையாக. சபீனா எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்தேன். அன்று போட்டவரே இதையும் அதே குரூப்பில் போட்டால்தான் ஊர் நம்பும் என்று கடைசியில் எழுதி, என் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி வந்து படித்தார்.

"வேணான்னு சொன்னேனே."

"கொட்டாய் மேல பழி வரல மொதலாளி. தப்பு என் பேர்லதான் கீது. ஆனா முத்திர இல்லாம போனா இத எவனும் மதிக்க மாட்டான்."

"நான் வெக்கலன்னா?"

"அப்பவும் அனுப்புவேன். இது போவலன்னா வள்ளியக்கா வராது. அன்னிக்கு அந்தக் கடுதாசிய எழுதின கையோட என்னாலயும் இங்க ஒக்கார முடியாது."

அவர் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார். கதவில் நின்று நான்காம் தறியைப் பார்த்தார். நீளவாக்கில் கட்டிய பாவு நூல் அறுபடாமல் அப்படியே இருந்தது. வேறு யாரையும் அவர் அதில் ஏற்றவில்லை. திரும்பி வந்து, முத்திரையை மையில் ஒற்றி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தினார். "நீயும் அதுவும் சேந்துகினு என்ன ஆட்டி வெக்கறீங்க" என்றார்.

வள்ளியக்காவை வரவழைத்து, கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவளுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். 'மேற்படி நெசவாளி மீது எந்தத் தவறும் இல்லை' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"மேற்படின்னா யாரு?"

"நீங்கதான்க்கா."

"அதுல பேரப் போட்டுத்தானே எழுதின? இதுலயும் போடு."

முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதினேன். அடித்துத் திருத்திய தாளில் அவள் பெயர் போக வேண்டாம் என்று தோன்றியது. முதலாளி இரண்டாம் முறை முத்திரை வைத்தார். மூன்றாக மடித்து, படத்தோடு உறைக்குள் வைத்து, பசை தடவி ஒட்டினேன். வள்ளியக்கா உறையை வாங்கி, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் நீவிக் கொடுத்தாள்.

தபால் ஆபீசுக்கு இரண்டு பேரும் நடந்தே போனோம். ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் இருந்தவர் எடை போட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.