கோட்டுக் கையில் ஒரு கூடு

வாத்தியாரின் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுக்கப் போன தையல்காரர் அப்படியே நின்றுவிட்டார். இடது கை மடிப்பின் உள்பக்கம், விரல் நுனியளவு பச்சையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. புழு கூடு கட்டிவிட்டது! இதற்குத்தானே இவர் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார்?

கடைக்குப் பின்னால் வேலி முழுக்கக் காட்டு அவரைக் கொடி தானாகப் படர்ந்து கிடந்தது. அதில் பச்சைப் புழுக்கள் மேய்ந்தன. தையல்காரரின் மனைவி தினமும் காப்பித் தம்ளரோடு போய் நின்று வேடிக்கை பார்ப்பாள். அவருக்கோ ஒரே கவலை. புழு அந்துப்பூச்சியாகும், அந்து கம்பளித் துணியை அரிக்கும், பிழைப்பில் மண் விழும். இலை தின்கிற புழு துணியை ஏறெடுத்தும் பார்க்காது என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். துணியோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கே பாடமா? போன வாரம் அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, கொடியை அடியோடு வெட்டித் தள்ளினார்.

திரும்பி வந்தவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். பேசாமல் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு கொடிக்காகவா ஒருத்தி புருஷனை விட்டுப் போவாள்? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சரி, வெட்டியதுதான் வெட்டினார். அப்புறம் எதற்காகப் புழுக்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பக்கத்து வீட்டுப் பந்தலில் அவரை இலை பறித்து ஊட்டப் பார்த்தார்? அதுவும் பிடிபடவில்லை. அவை வாயே வைக்காமல் செத்தன. ஒன்று மட்டும் காணாமல் போயிற்று. இதோ, கோட்டில் இருக்கிறது. மிச்சத் துணிமணியை எடுத்துப் போக இன்று வருவதாக அவள் காலையில்தான் போனில் சொன்னாள்.

"என்ன தையல்காரரே, ரெடியா? சாயங்காலம் எனக்குப் பிரிவு உபசாரம்" என்று வாத்தியார் வந்து நின்றார்.

"இல்ல சார்... கை இன்னும் தைக்கல." ஒரு நாளும் தவணை சொல்லாத வாய் அது.

"அதோ தொங்குதே!"

"அது வேற ஒருத்தரோடது."

"என் துணியில வேற ஒருத்தருக்குக் கோட்டா?"

கடைசியில் தன் சொந்தக் கோட்டையே மாட்டிவிட்டு அனுப்பினார். வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது மனைவி. எப்போது வந்தாளோ!

அவள் நேரே வந்து கோட்டின் கை மடிப்பைப் பார்த்தாள்.

"இதுக்கா பொய் சொன்னீங்க?"

"ஆமா... ஏன்னு தெரியல. இது என்னவா வரும்? அந்துப்பூச்சியா, வண்ணத்துப்பூச்சியா?"

"எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

"தெரிஞ்சா எதுக்குங்க தினம் போய் நிக்கப்போறேன்? இந்த வீட்ல அது ஒண்ணுதான் நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு."

அவருக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்பதா, எதற்கென்று கேட்பது, கொடிக்கா, இத்தனை வருஷத்துக்கா? அவள் துணி எடுக்க உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று அடித்ததில் கோட்டின் கை ஆடத் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் எட்டி அதைப் பிடித்துக்கொண்டார்கள்.