மூக்கு வைத்த இடம்

அம்மா எடுத்த படத்தை மகள் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். பழக்கடைக்காரர் முகம் மங்கல். அவருக்குப் பின்னால் கதவில் தொங்கிய பூட்டு மட்டும் துருப்பொட்டு வரை தெளிவாக இருந்தது. அடுத்ததில் பேருந்துக்கு நிற்கும் பெண் மங்கலாகத் தெரிந்தாள். அவள் காலடியில் கிடந்த யாருடையதோ ஒற்றைச் செருப்பு துல்லியம்.

“இதுல ஃபோகஸ் நீ வைக்கலம்மா. உன் மூக்கு வெச்சிருக்கு.”

வாஸ்தவம்தான். வலது கண்ணில் ரத்தக்குழாய் அடைத்துப் பார்வை போய் நான்கு மாதம் ஆகிறது. கேமராவின் இடது மூலையில் இருக்கும் துளையில் முப்பது வருடம் வலக்கண்ணை வைத்துப் பார்த்தபோது மூக்கு வெளியே ஒதுங்கி நின்றது. இடக்கண்ணுக்கு மாறியதும் நேராகப் பின்புறத் தொடுதிரையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது தொட்ட இடத்தைக் கேமரா எஜமானியின் உத்தரவாக எடுத்துக்கொண்டு அங்கே ஃபோகஸ் வைக்கிறது.

“அந்தத் தொடுதிரைய நிறுத்தி வெச்சிடலாம். வலது பக்கம் வர்ற வண்டிய யாரு நிறுத்துறது? போன வாரம் சைக்கிள்காரன் இடிச்சது மறந்துபோச்சா? காலையில வெளிய போறத இதோட விட்டுடு. கடையில உக்காந்து பாஸ்போர்ட் படம் எடு, போதும்.”

அம்மா முந்தைய படத்துக்குத் திருப்பினாள். பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் கடக்கிற பூட்டு. அதற்கு இப்படி ஒரு முகம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

மறுநாள் ஆறரைக்கு, மகள் குளியலறைக் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும், கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கல்யாணம், பட்டமளிப்பு என்று ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தது பிழைப்பு. கடை திறப்பதற்கு முந்தைய இந்த இரண்டு மணி நேரம் மட்டும் அவளுடையது. யாரும் சிரிக்க வேண்டாம், யாரும் கழுத்தை நிமிர்த்த வேண்டாம். ஈரத் தரையில் வெளிச்சம் நீளும்போது நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுக்கும். பழைய பழக்கத்தில் இடக்கண்ணை மூடிக்கொண்டு, உலகம் இருண்டதும் தன்னையே திட்டிக்கொண்டு திறந்தாள். அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

சந்தை வாசலில் வலது பக்கமிருந்து ஒரு மூட்டை வந்து தோளில் மோதியது. தடுமாறிச் சுவரைப் பிடித்தாள்.

“என்னக்கா, கண்ணு தெரியலையா?” என்றான் சுமைகூலிக்காரன்.

“ஒண்ணு தெரியுது. அப்படியே நில்லு.”

“தலையில அம்பது கிலோவ வெச்சிட்டு நிக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா?”

“பேசாத. பேசினா இன்னும் நேரமாகும்.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவள் மூன்று படம் எடுத்தாள். அவன் போனதும் தலை நிமிர்ந்தால், எதிரே மகள், ஈரத் தலையோடு. மோதியதைப் பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“காட்டு.”

படத்தில் அவன் முகம் மங்கலாக இருந்தது. சாக்கைப் பற்றிய விரல்கள் மட்டும் தெளிவாக இருந்தன: நகக்கண்ணில் அழுக்கு, வெளுத்த முட்டிகள், சணல் நூலின் ஒவ்வொரு பிரியும். மகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“இதுவும் மூக்குதானா?”

“மூக்குதான். இந்தத் தடவ நான் சொல்லித் தொட்டுச்சு.”

“விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

“எழுந்திருப்பேன். நாளைக்கும் வருவேன். உனக்குப் பயமா இருந்தா வலது பக்கமா கூட நடந்து வா. கடையில என்னை உக்கார வைக்கிற நெனப்ப மட்டும் விட்டுடு.”

“கேமராவக் குடும்மா.” மகள் கையை நீட்டினாள்.

அம்மா கொடுக்கவில்லை. ஓரடி பின்னால் எடுத்து வைத்து, கேமராவை இடக்கண்ணுக்கு உயர்த்தினாள். நீட்டிய உள்ளங்கை படச்சட்டம் முழுக்க நிறைந்தது. மகளின் முதுகுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்த வெயிலில் விரலிடுக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கை இன்னும் தாழவில்லை.