நாற்பத்தைந்துக்கு மட்டும்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் ஹெலினாவுக்கு அது தெரிந்தது. திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை. பிள்ளைகள் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கு ஒன்றை வெள்ளைத்தாளில் போட்டுக்கொண்டிருந்தாள். உச்சிக்கோணம் முப்பது. அப்படியென்றால் முக்கோணம் ஒடுக்கமாகக் கூம்பி நிற்க வேண்டும். தாளில் இருந்ததோ அகலமாகக் கால் பரப்பி உட்கார்ந்திருந்தது. பாகைமானியை வைத்துப் பார்த்தாள். அறுபது.

பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி வரைந்தாள். அறுபதுதான். நாற்பதுக்கு வரைந்தாள், ஐம்பது வந்தது. நாற்பத்தைந்துக்கு வரைந்தபோது மட்டும் சரியாக நாற்பத்தைந்து.

பாடப்புத்தகத்தை எடுத்து வரிவரியாகப் படித்தாள். கொடுத்த கோணத்தை அடிப்பக்கத்துக்குக் கீழே வரைய வேண்டும். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக மேலே ஏறும் கோட்டில்தான் முக்கோணத்தைச் சுற்றி வரையும் வட்டத்தின் மையம் இருக்கும். அந்தக் கீழ்க்கோடு வீண் வேலை என்று அவளாகவே முடிவு செய்து, கோணத்தை நேராக மேலே வரையச் சொல்லிக்கொடுத்திருந்தாள். முதலில் போட்டுப் பார்த்த கணக்கு நாற்பத்தைந்து. விடை சரியாக வந்ததும், "மிஸ்ஸோட ஷார்ட்கட்" என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

ஹெலினா படித்தது விலங்கியல். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடமாக அறிவியல் எடுத்துவந்தாள். அக்டோபரில் கணக்கு வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, பள்ளித் தாளாளர் வீரராகவன் அவளைக் கூப்பிட்டு, "பத்தாவது கணக்குதானே மேடம், நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு பாடத்தையும் முதல் நாள் தான் கற்று, மறுநாள் நடத்தினாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் கணக்கில் திணறுகிறவர்கள். ஜாமெட்ரி எட்டு, கிராஃப் எட்டு, இந்தப் பதினாறை மட்டும் விடாதீர்கள் என்று தினமும் சொல்லி வைத்திருந்தாள். தேற முப்பத்தைந்து போதும். ஜாமெட்ரியில் நேரமில்லை என்று மற்ற வரைதல்களையெல்லாம் தள்ளிவிட்டு, இந்த ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பப் போட வைத்திருந்தாள்.

வீரராகவனுக்கு போன் செய்தாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"இப்பப் போய் இதைச் சொன்னா பேரன்ட்ஸ் என்னைச் சும்மா விடுவாங்களா? ஸ்கூல் குரூப்ல ஒண்ணும் போட முடியாது."

"சார், எட்டு மார்க்கு. தேறுறதும் தேறாததும் அதுலதான் இருக்கு."

"சாய்ஸ் இருக்கும் மேடம். வேற கணக்கு வந்தா அதைப் போடட்டும்."

"வேற எதுவும் நான் நடத்தலையே சார்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பேசாம இருங்க." இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஹெலினா சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்து, சரியான முறையை வரைந்து காட்டி வீடியோ எடுத்தாள். காம்பஸ் இரண்டு முறை வழுக்கியது. "கண்ணுங்களா, நான் உங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன். பழசை மறந்துடுங்க" என்று தொடங்கினாள். தன்னிடம் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பினாள். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது. சிலர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் சபீனா கட்டைவிரலை உயர்த்தி ஓர் அடையாளம் மட்டும் அனுப்பியிருந்தாள்.

பதில் வராத ஏழு பேரைத் தேடி ஸ்கூட்டியில் கிளம்பினாள். பரீட்சை முடியும்வரை போனைப் பூட்டி வைத்திருந்த வீடுகள் அவை. சனி மாலையும் ஞாயிறு பூசை முடிந்த பிறகும் அலைந்து ஆறு பேரைப் பிடித்தாள். வாசலில் நின்றபடியும், ஒரு வீட்டில் துணி காயும் மொட்டைமாடியிலும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தகப்பனார் அவள் முகத்துக்கு நேராகவே, "ரெண்டு நாள் இருக்கும்போது வந்து சொல்றீங்களே, நீங்கல்லாம் டீச்சரா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

மிச்சம் இருந்தவன் ஜாக்சன். ஜனவரியில்தான் அவன் குடும்பம் காட்டுப்பாக்கத்துக்குக் குடிபோயிருந்தது. ஞாயிறு மதியம் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். ஜாக்சனின் அப்பா அருள்தாஸ் கதவைத் திறந்தார். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவர்.

"இன்னா மிஸ், இவ்ளோ தூரம்? அவன்தான் நாளைக்கு எய்தப் போறதில்லையே."

ஹெலினாவுக்குப் புரியவில்லை.

"உங்க வீரராகவன் சார்தான் கூப்ட்டு சொன்னாரு. ரிவிஷன்ல ஃபெயிலு, பெரிய பரீட்சைலயும் அதான் வரும், பேரு கெட்டுடும், அப்பால எய்திக்கலாம்னாரு. ஒடம்பு சரியில்லன்னு லெட்டரு எய்தி வாங்கிகினாரு. ஹால் டிக்கெட்டு அவராண்டதான் கீது."

பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சிக்காக. ஹெலினா செருப்பைக் கழற்றினாள். "நான் அவன்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

ஜாக்சன் உள்ளறையில் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவன் திரும்பவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும் மிஸ்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நாப்பதுக்குப் போட்டா அம்பது வருதுன்னு அப்பவே சொன்னேன். பென்சில் மொண்ணையா கீது, சீவினு வான்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நானே போட்டுப் பாத்தேன். தொண்ணூறுல கழிச்சுப் போட்டா சரியா வருது. ரிவிஷன்ல அப்டிதான் போட்டேன். நீங்க குறுக்க கோடு போட்டு முட்டை குடுத்தீங்க."

அந்த விடைத்தாள் ஹெலினாவின் கண்முன் வந்தது. முப்பத்தொன்று. அந்த எட்டையும் சேர்த்திருந்தால் முப்பத்தொன்பது. பிழையைக் கண்டுபிடித்து, திருத்தும் வழியையும் கண்டுபிடித்த ஒரே பிள்ளை. அவனுக்குத்தான் அவள் பூஜ்யம் போட்டிருந்தாள். அவனைத்தான் பள்ளி வெளியே நிறுத்தியிருந்தது.

"என்னை மன்னிச்சுடு ஜாக்சன்" என்றாள். கதவோரம் நின்ற அருள்தாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு எழுது. நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஹால் டிக்கெட் இல்லாம எப்டி மிஸ்?"

"தெரியல. ஆனா போவோம்."

ஜாக்சன் அப்பாவைப் பார்த்தான். அவர், "கையெய்த்து போட்டுட்டேனேப்பா" என்றார். பிறகு, "சரி, போய்ப் பாரு" என்றார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே ஸ்கூட்டி காட்டுப்பாக்கத்தில் நின்றது. போகிற வழியில் ஹால் டிக்கெட் கேட்டு வீரராகவன் வீட்டுக்குப் போனார்கள். அவர் வெளியே வரவில்லை. சார் குளித்துக்கொண்டிருப்பதாக வேலைக்காரம்மா சொன்னாள். அரைமணி நேரம் நின்றார்கள். பிறகு ஆவடியில் தேர்வு மையமாக இருந்த அரசுப் பள்ளிக்கு விரைந்தார்கள். வழியில் நெரிசல். போய்ச் சேர்ந்தபோது முதல் மணி அடித்துவிட்டிருந்தது. வாசலில் இருந்த காவலர் ஹால் டிக்கெட் கேட்டார்.

"சார், பேரு லிஸ்ட்ல இருக்கு. போட்டோ இருக்கும். உள்ள இருக்கிற மேடத்தைக் கூப்பிடுங்க, கால்ல வேணா விழறேன்" என்றாள் ஹெலினா. அவள் சத்தம் போட்டது தெருவரைக்கும் கேட்டது. தேர்வு மைய அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தபடி வந்தார். கையில் இருந்த பட்டியலைப் புரட்டினார். படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லைன்னு ஸ்கூல்ல லெட்டர் குடுத்திருக்காங்களே?"

"நல்லாத்தான் கீறேன் மேடம்" என்றான் ஜாக்சன்.

அந்த அம்மாள் பட்டியலை மூடினார். "ஓடு" என்றார். அவன் ஓடினான்.

அன்று மாலையே வீரராகவன் அழைத்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. ஜாக்சன் நாற்பத்து மூன்று. அருள்தாஸ் போனில் பேச முடியாமல் அழுதார். ஹெலினா மற்றவர்களின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாக விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டில் முப்பத்தேழு பேர் தேறியிருந்தார்கள். தேறாதவள் சபீனா. முப்பது மதிப்பெண்.

முத்தாபுதுப்பேட்டையில் சபீனாவின் வீட்டுக்கு அன்றே போனாள். துணைத்தேர்வுக்குத் தினமும் வந்து சொல்லித் தருவதாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனாள். சபீனாவின் அம்மா வாசற்படியிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை.

"வீடியோவைப் பாத்தாளா?" என்று ஹெலினா கேட்டாள்.

"பாத்தா. ரெண்டு நாளும் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தா. ஆறு மாசமா கை பழகினது ஒண்ணு, ரெண்டு நாள்ல கத்துக்கிட்டது ஒண்ணு. ஹால்ல ரெண்டும் கலந்துபோச்சாம். கீழ ஒரு கோடு, மேல ஒரு கோடு போட்டு அழிச்சு அழிச்சு, பேப்பர் கிழிஞ்சுடுச்சாம். அந்தப் பதட்டத்துல தெரிஞ்ச கிராஃபையும் விட்டுட்டு வந்துட்டா."

"நான் தினமும் வந்து..."

"நீங்க தப்பை ஒத்துக்கிட்டீங்க. ஊர்ல யாரு ஒத்துக்கிறா? அதுல எனக்கு உங்க மேல மரியாதைதான்." அவர் குரல் உயரவே இல்லை. "ஆனா இனிமே நீங்க ஒண்ணு சொன்னா, அது சரியா தப்பான்னு அவ யார்கிட்ட போய்க் கேப்பா?"

உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சபீனா அங்கேதான் எங்கோ இருந்தாள், வெளியே வரவில்லை.

"வேற ஒரு சாரைப் பாத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஹெலினா ஸ்கூட்டியருகே வந்தாள். சாவியைப் போட்டாள், திருகவில்லை. வெயில் இருக்கையைக் கொதிக்க வைத்திருந்தது. அதில் கையை ஊன்றியபடியே, சுடுவதுகூடத் தெரியாமல் வெகுநேரம் நின்றாள்.